நிரலுக்கும் வில்லங்கம் போட்டுப் பார்க்கலாம்! – வெர்ஷன் கன்ட்ரோல் வளர்ந்த கதை



நம் ஊரில் ஒருவர் நிலம் வாங்கப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். பட்டாவைப் பார்த்தால் நிலம் இன்று யார் பெயரில் இருக்கிறது என்று தெரிந்துவிடும். ஆனால் பட்டாவை மட்டும் நம்பி யாராவது பணம் கொடுப்பார்களா? மாட்டார்கள். பத்திரப்பதிவு அலுவலகத்தில் வில்லங்கம் போட்டுப் பார்ப்பார்கள். யார் யாருக்கு விற்றார், எந்த வருடம் அடமானம் வைத்தார், பிறகு மீட்டாரா என்ற கதை முழுவதும் அதில்தான் வரும்.

மென்பொருளுக்கும் இதே கதைதான். கம்ப்யூட்டரில் இப்போது இருக்கும் நிரல் வெறும் பட்டா. அது எப்படி இந்த நிலைக்கு வந்தது, எந்த வரியை யார், எப்போது, எதற்காக மாற்றினார் என்று சொல்லும் வில்லங்கச் சான்றுதான் வெர்ஷன் கன்ட்ரோல். தமிழில் பதிப்புக் கட்டுப்பாடு என்று சொல்லலாம். இன்று ஓரளவு பெரிய மென்பொருள் நிறுவனம் எதுவும் இது இல்லாமல் ஒரு நாள் கூட ஓடாது. ஆனால் கல்லூரிப் பாடத்தில் இதற்குக் கிடைக்கும் இடம் மிகச் சிறியது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

வரலாறு என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இந்தக் கருவிகள் 1972 முதல் இன்று வரை இரண்டு கேள்விகளோடுதான் மல்லுக்கட்டி வந்திருக்கின்றன. ஒன்று, யார் மாற்றலாம்? இரண்டு, பழைய கணக்கை எப்படி நம்புவது? ஒவ்வொரு தலைமுறைக் கருவியும் இவற்றுக்கு ஒவ்வொரு பதில் சொன்னது. அதில் ஒரு முக்கியமான பதில் நம் நாட்டில் இருந்து போனது.

பழைய கணக்கு எதற்கு?

முதலில் ஒரு சந்தேகம் வரும். வேலை செய்யும் நிரல் கையில் இருக்கும்போது பழசு எதற்கு?

வில்பட்டிக்காரர்களுக்கு இதற்குப் பதில் பக்கத்திலேயே இருக்கிறது. கொடைக்கானல் சூரிய ஆய்வகம் 1899-ல் தொடங்கப்பட்டது. 1904-ல் இருந்து சூரியனைப் படம் எடுத்து வைத்து வருகிறார்கள். மேகம் மறைத்த நாட்கள் போக, நூறு வருடத்துக்கு மேலான படங்கள் சேர்ந்துவிட்டன. ஆரம்ப காலத்தில் கண்ணாடித் தகட்டில் படம் பிடித்தவர்களுக்கு, பின்னால் அவை எல்லாம் டிஜிட்டல் ஆக்கப்பட்டு கம்ப்யூட்டரில் அலசப்படும் என்று தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை. இருந்தும் தேதி போட்டுப் பத்திரப்படுத்தினார்கள். புதுப் படம் வந்ததும் பழைய தகட்டைத் தூக்கிப் போட்டிருந்தால், சூரியப் புள்ளிகள் பல பதினோரு ஆண்டுச் சுழற்சிகளில் எப்படி மாறின என்று இன்று ஒப்பிட்டுப் பார்க்க முடியாது.

நிரலும் இப்படித்தான். "போன மாதம் வரை வட்டிக் கணக்கு சரியாக வந்தது, இப்போது தப்பாக வருகிறது" என்று வாடிக்கையாளர் சொன்னால், போன மாதத்து நிரலை எடுத்துப் பார்க்க வேண்டும். இருந்தால்தானே பார்க்க முடியும்?

முதல் காலம்: பூட்டும் சாவியும்

1972-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் மார்க் ராச்கைண்ட் என்பவர் எஸ்.சி.சி.எஸ். என்ற கருவியை எழுதினார். முதலில் ஐபிஎம் பெரிய கம்ப்யூட்டருக்காக எழுதப்பட்டது, பிறகு யுனிக்ஸுக்கு வந்தது. அந்தக் காலத்தில் சேமிப்பு இடம் தங்கம் மாதிரி. ஒவ்வொரு பதிப்பையும் முழுசாக வைக்க இடம் ஏது? அதனால் மாறிய வரிகளை மட்டும் குறித்து வைக்கும் வழியை அவர் கையாண்டார்.

1982-ல் பர்டியூ பல்கலைக்கழகத்தின் வால்டர் டிக்கி, ஆர்.சி.எஸ். என்ற கருவியை வெளியிட்டார். இதில் ஒரு நல்ல யோசனை உண்டு. கடைசிப் பதிப்பை முழுசாக வைத்துவிட்டு, அதில் இருந்து பின்னோக்கிப் போகும் வித்தியாசங்களை மட்டும் சேமித்தார். எல்லோரும் அடிக்கடி கேட்பது கடைசிப் பதிப்பைத்தானே! அது சட்டென்று கிடைக்கும். பழசு கேட்டால் கொஞ்சம் கணக்குப் போட்டுக் கொடுக்கும்.

இரண்டிலும் "யார் மாற்றலாம்?" என்ற கேள்விக்குப் பதில் பூட்டுதான். ஒரு கோப்பை நீங்கள் திருத்த எடுத்தால் அது உங்கள் பெயரில் பூட்டப்படும். நீங்கள் திருப்பி வைக்கும் வரை மற்றவர்கள் படிக்கலாம், தொடக் கூடாது. இருவர் ஒரே நேரத்தில் எழுதிக் குழப்பும் வேலையே இல்லை. ஆனால் கோப்பைப் பூட்டியவர் லீவு போட்டு ஊருக்குப் போய்விட்டால்? அடுத்தவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான்!

இரண்டாம் காலம்: மூன்று பேர், மூன்று நேரம்

இந்தப் பூட்டை உடைத்தது ஒரு பேராசிரியரும் இரண்டு மாணவர்களும். ஆம்ஸ்டர்டாம் நகரின் வ்ரைய பல்கலைக்கழகத்தில் டிக் க்ரூன் என்பவர் 1984-85 காலத்தில் தன் மாணவர்கள் இருவரோடு சேர்ந்து ஒரு சி கம்பைலர் எழுதிக்கொண்டிருந்தார். ஒரு மாணவர் ஆபீஸ் நேரம் மாதிரி ஒழுங்காக வேலை செய்பவர். இன்னொருவருக்கு நேரம் காலமே கிடையாது. பேராசிரியருக்கோ மாலையில்தான் ஓய்வு. பூட்டு முறை இவர்களுக்கு ஒத்துவருமா? அதனால் ஆர்.சி.எஸ்.ஸின் மேல் சில ஸ்கிரிப்டுகளை எழுதிக்கொண்டார். 1986-ல் அவற்றை வெளியுலகுக்குக் கொடுத்தார். பிறகு 1989-ல் பிரையன் பெர்லினர் அதை சி மொழியில் மாற்றி அமைத்தார். அதுதான் பல வருடம் கொடிகட்டிப் பறந்த சிவிஎஸ்.

இதில் பூட்டு கிடையாது. ஆளுக்கொரு நகல் எடுத்துக்கொண்டு அவரவர் நேரத்தில் திருத்தலாம். திருப்பி வைக்கும்போது கருவியே இருவர் திருத்தங்களையும் ஒன்றாகச் சேர்க்கும். இருவரும் ஒரே வரியை மாற்றியிருந்தால் மட்டும் "இங்கே தகராறு, நீங்களே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்" என்று குறி போட்டுக் கொடுக்கும். உண்மையில் அப்படிப்பட்ட தகராறு பயந்த அளவுக்கு அடிக்கடி வராது என்பதுதான் எல்லோரும் அனுபவத்தில் கண்டது.

சிவிஎஸ்ஸிலும் ஓட்டைகள் இருந்தன. பத்துக் கோப்புகளை ஒன்றாக அனுப்பும்போது நடுவில் இணைப்பு அறுந்தால் ஐந்து போயிருக்கும், ஐந்து போயிருக்காது. கோப்பின் பெயரை மாற்றினால் அதன் பழைய கதை அந்தப் பெயரோடு தொடராது. இவற்றைச் சரிசெய்ய 2000-ல் கொலாப்நெட் நிறுவனம் சப்வெர்ஷன் திட்டத்தைத் தொடங்கியது. அதன் 1.0 பதிப்பு 2004 பிப்ரவரியில் வந்தது. இதில் போனால் எல்லாம் சேர்ந்து போகும், இல்லையென்றால் எதுவும் போகாது.

தரமணியில் டைடல் பார்க் திறக்கப்பட்டதும் இதே 2000-ல்தான். சென்னையில் ஐடி வேலை பெருகிய அந்தக் காலத்தில் நிறுவனத்துக்கு நிறுவனம் கருவி வேறுபட்டது. மைக்ரோசாஃப்டின் விஷுவல் சோர்ஸ்சேஃப், கிளியர்கேஸ், பெர்ஃபோர்ஸ், சிவிஎஸ், சப்வெர்ஷன் என்று ஒரு பட்டியலே உண்டு. எல்லாவற்றிலும் பொதுவான விஷயம், களஞ்சியம் ஒரே ஒரு சர்வரில் இருக்கும் என்பது. அந்த சர்வர் அமெரிக்காவில், வேலை செய்பவர் சென்னையில் என்றால் பழைய பதிப்பைப் பார்க்கக்கூட கடல் தாண்டிப் போய் வர வேண்டும். லைன் படுத்தால் வேலையும் படுத்துவிடும்.

ஒரு சமக்குறி செய்ய இருந்த திருட்டு

இப்போது இரண்டாவது கேள்விக்கு வருவோம். பழைய கணக்கை எப்படி நம்புவது? வில்லங்கச் சான்றிலேயே ஒருவன் கை வைத்துவிட்டால்?

2003 நவம்பரில் அப்படி ஒரு முயற்சி உண்மையிலேயே நடந்தது. அப்போது லினக்ஸ் கெர்னல், பிட்கீப்பர் என்ற கருவியில் பராமரிக்கப்பட்டது. அதைப் பயன்படுத்த விரும்பாதவர்களுக்காக சிவிஎஸ்ஸில் ஒரு நகலும் வைத்திருந்தார்கள். அந்த நகல் இருந்த சர்வருக்குள் யாரோ புகுந்து ஒரு கோப்பில் இரண்டே வரிகள் சேர்த்துவிட்டார்கள். பார்த்தால் சாதாரணப் பிழை சோதனை போல இருக்கும். ஆனால் சி மொழியில் இரண்டு சமக்குறி போட்டால் "சமமா?" என்று கேட்பது, ஒன்று போட்டால் "இதுவாக ஆக்கு" என்று கட்டளை. அங்கே ஒன்றுதான் இருந்தது. அதன் விளைவு என்ன தெரியுமா? ஒரு குறிப்பிட்ட முறையில் அழைத்தால் சாதாரணப் பயனாளர் அந்தக் கம்ப்யூட்டருக்கே முதலாளி ஆகிவிடுவார்!

எப்படிப் பிடித்தார்கள்? சிவிஎஸ் நகலில் வரும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் பிட்கீப்பரில் ஒரு மூலம் இருக்க வேண்டும். இந்த மாற்றத்துக்கு மட்டும் அது இல்லை. இரண்டு கணக்குகளையும் ஒப்பிட்டபோது குட்டு வெளிப்பட்டது. ஒரே கணக்குப் புத்தகம் இருந்து, அதில் கை வைத்திருந்தால் கண்டுபிடித்திருப்பார்களா என்பது சந்தேகம்தான்.

மூன்றாம் காலம்: எல்லோர் கையிலும் முழுக் கணக்கு

பிட்கீப்பர் ஒரு தனியார் நிறுவனத்தின் கருவி. லினக்ஸ்காரர்களுக்கு இலவசமாகக் கொடுத்திருந்தார்கள். ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல் என்பவர் அதன் சர்வரோடு பேசும் வேறொரு கருவியை உருவாக்க முயன்றதால் தகராறு வந்து, 2005 ஏப்ரலில் இலவச உரிமம் திரும்பப் பெறப்பட்டது. லினஸ் டோர்வால்ட்ஸ் அந்த மாதம் 3-ம் தேதி புதுக் கருவி எழுதத் தொடங்கினார். 7-ம் தேதிக்குள் அந்தக் கருவியின் நிரலையே அந்தக் கருவியில் பராமரிக்கும் அளவுக்கு வந்துவிட்டார். ஜூன் மாதம் வெளிவந்த லினக்ஸ் 2.6.12 அதில்தான் பராமரிக்கப்பட்டது. அதுதான் கிட். 2005 ஜூலையில் இருந்து அதைப் பராமரிக்கும் பொறுப்பு ஜூனியோ ஹமானோ கைக்குப் போனது.

கிட்டில் களஞ்சியத்தை நகல் எடுத்தால் கடைசிப் பதிப்பு மட்டும் வராது. முதல் நாளில் இருந்து நடந்த முழு வரலாறும் உங்கள் கம்ப்யூட்டருக்கு வந்துவிடும். கடல் தாண்டிப் போக வேண்டாம், லைன் இல்லாவிட்டாலும் வேலை நடக்கும். ஒவ்வொரு கமிட்டுக்கும் அதன் உள்ளடக்கத்தில் இருந்து கணக்கிட்ட 40 எழுத்து அடையாளம் ஒன்று உண்டு. அந்தக் கணக்கில் முந்தைய கமிட்டின் அடையாளமும் சேரும். நடுவில் ஒரு காற்புள்ளியை மாற்றினால் கூட அதற்குப் பின்னால் வரும் எல்லா அடையாளங்களும் மாறிவிடும். மற்றவர்கள் நகலோடு ஒத்துப்போகாது. அவ்வளவுதான், பிடிபட்டுவிடும்!

இதற்கும் ஒரு சோதனை வந்தது. 2011 ஆகஸ்டில் லினக்ஸ் கெர்னலின் தலைமை இடமான கெர்னல்.ஆர்க் சர்வர்களுக்குள் திருடர்கள் புகுந்தது தெரியவந்தது. தளம் வாரக்கணக்கில் மூடப்பட்டது. ஆனால் கெர்னல் நிரலைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்படத் தேவையில்லை என்று நிர்வாகிகள் விளக்கினார்கள். ஆயிரக்கணக்கானவர்களிடம் முழு வரலாறும் நகலாக இருக்கிறது, ஒரு வரி மாறினாலும் தெரிந்துவிடும் என்பதே காரணம்.

ஹைதராபாத்தில் இருந்து ஒரு பதில்

ஆனால் கிட்டிடம் ஒரு குறை உண்டு. கணக்கைப் பாதுகாக்கும், வாசலில் காவல் நிற்காது. யார் எழுதலாம், யார் எழுதக் கூடாது என்று முடிவு செய்யும் வேலை அதனிடம் இல்லை. இன்னும் சொன்னால், கமிட்டில் யார் பெயரை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். நண்பர்கள் சேர்ந்து செய்யும் வேலைக்கு இது போதும். ஒரே சர்வரில் பல வாடிக்கையாளர்களின் நிரல்களை வைத்திருக்கும் நிறுவனத்துக்கு இது போதுமா?

2009-ல் இதற்கு கிட்டோலைட் என்ற கருவியை எழுதியவர் சீதாராம் சாமர்த்தி. ஹைதராபாத்தில் டாட்டா கன்சல்டன்சி சர்வீசஸ் நிறுவனத்தில் பணியாற்றியவர். பெர்ல் மொழியில் எழுதப்பட்ட சிறிய கருவிதான். சர்வரில் ஆளுக்கொரு கணக்குத் திறக்க வேண்டாம். ஒரே கணக்கு, ஆளுக்கொரு டிஜிட்டல் சாவி. எந்தச் சாவிக்காரர் எந்தக் களஞ்சியத்தில், எந்தக் கிளையில் என்ன செய்யலாம் என்று ஒரு சாதாரணக் கோப்பில் எழுதி வைத்தால் போதும். அந்தக் கோப்பும் கிட் களஞ்சியத்திலேயே இருக்கும். ஆக, யார் யாருக்கு எப்போது அனுமதி கொடுத்தார் என்பதற்கும் வில்லங்கம் போட்டுப் பார்க்கலாம்!

அதன் விதிகளில் எனக்குப் பிடித்தது ஒரு கூட்டல் குறி. படிக்க மட்டும் ஓர் அனுமதி, எழுத ஓர் அனுமதி. எழுதும் அனுமதியோடு கூட்டல் குறி சேர்ந்தால்தான் ஏற்கெனவே பதிவான வரலாற்றைத் திருத்தி எழுத முடியும். புதிதாகச் சேர்ப்பது வேறு, நடந்ததை மாற்றுவது வேறு என்று அந்த ஒற்றைக் குறி பிரித்து வைக்கிறது. சாதாரண ஊழியருக்கு முதலாவது போதும்.

கெர்னல்.ஆர்க் 2011 தாக்குதலுக்குப் பிறகு மீண்டு வந்தபோது, பழைய மாதிரி நூற்றுக்கணக்கானவர்களுக்கு சர்வருக்குள் நேரடியாக நுழையும் கணக்குகள் தரவில்லை. கிட்டோலைட் வழியாக நிரலை அனுப்பும் அனுமதி மட்டும் தந்தார்கள். உலகமே பயன்படுத்தும் லினக்ஸின் வாசலில் நம் நாட்டுக்காரர் எழுதிய கருவி காவல் நின்றது. இது நம் ஊரில் எத்தனை பேருக்குத் தெரியும்?

இன்று நிறுவனங்களில் எப்படி?

இப்போது ஒரு நிறுவனத்தில் சாதாரணமாக நடப்பதைப் பார்ப்போம். முதன்மைக் கிளை ஒன்று இருக்கும், அதில் யாரும் நேரடியாக எழுத முடியாது. உங்களுக்கு ஒரு வேலை கொடுத்தால் தனிக் கிளை ஒன்று பிரித்துக்கொள்வீர்கள். முடித்ததும் "இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று கோரிக்கை வைப்பீர்கள். சக ஊழியர் ஒருவராவது வரி வரியாகப் படித்துக் கேள்வி கேட்பார். கம்ப்யூட்டரும் தானாகவே சோதனைகளை ஓட்டும். இரண்டும் தேறினால்தான் முதன்மைக் கிளையில் சேரும். வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் பதிப்புக்கு ஒரு பெயர்ச்சீட்டு ஒட்டி வைப்பார்கள். பின்னால் அந்தப் பதிப்பில் பிழை வந்தால் அதே புள்ளியில் இருந்து ஒரு கிளை பிரித்துச் சரிசெய்து கொடுப்பார்கள்.

எல்லோரும் ஒரே வழியில் போவதில்லை. கூகுள் தன் நிரலில் பெரும்பகுதியை ஒரே களஞ்சியத்தில் வைத்திருக்கிறது. 2015 ஜனவரியில் அதில் சுமார் 200 கோடி வரிகள், 86 டெராபைட் அளவு இருந்ததாக அதன் பொறியாளர்களே எழுதியிருக்கிறார்கள். அதற்குச் சொந்தமாகக் கருவி செய்துகொண்டார்கள். மைக்ரோசாஃப்ட் 2017-ல் விண்டோஸ் நிரலை கிட்டுக்கு மாற்றியது. சுமார் 35 லட்சம் கோப்புகள், 300 ஜிபி. அவ்வளவு பெரிய களஞ்சியத்தைத் தாங்க கிட்டுக்கே ஒரு துணைக் கருவி எழுத வேண்டியிருந்தது.

மறுபடியும் ஒரே சர்வரா?

2008-ல் கிட்ஹப் வந்தது. கிட் களஞ்சியங்களை இணையத்தில் வைத்துப் பகிரும் இடம். 2018-ல் மைக்ரோசாஃப்ட் அதை 750 கோடி டாலருக்கு வாங்கியது. இன்று மாணவர்கள் பலருக்கு கிட்டும் கிட்ஹப்பும் ஒன்று என்றே நினைப்பு. ஒன்று கருவி, மற்றது அந்தக் கருவியை வைத்து நடத்தும் கடை.

இந்த வித்தியாசம் 2014 டிசம்பர் கடைசியில் இந்தியாவில் பலருக்கு உறைத்தது. தீவிரவாதப் பிரச்சாரம் பரவுகிறது என்று 32 இணைய முகவரிகளை முடக்க மத்திய அரசு உத்தரவிட்டது. பட்டியலில் விமியோ, ஆர்க்கைவ்.ஆர்க் ஆகியவற்றோடு கிட்ஹப்பின் பெயரும் இருந்தது. தடை விரைவிலேயே நீங்கியது. ஆனால் அந்த நாட்களில் தடையில் மாட்டிக்கொண்டவர்களின் நிலையை யோசித்துப் பாருங்கள். நகல் எடுத்து வைத்திருந்தவருக்கு முழு வரலாறும் கையில் இருந்தது, அவர் கமிட் செய்துகொண்டே போகலாம். ஆனால் விவாதங்கள், பிழைப் பட்டியல், சேர்க்கைக் கோரிக்கைகள் எல்லாம் கிட்ஹப் சர்வரில். அவை கிட் நகலோடு வருவதில்லை!

எல்லோர் கையிலும் முழுக் கணக்கு இருக்க வேண்டும் என்று செய்த கருவியைச் சுற்றி, மறுபடியும் ஒரே இடத்தை நம்பும் பழக்கத்தை நாம் வளர்த்துக்கொண்டோம். வசதி பெரிது என்பதை மறுக்க முடியாது. இன்னொரு சர்வரிலும் ஒரு நகல் வைத்துக்கொள்ளும் செலவோ மிகச் சிறிது.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை

"புராஜெக்ட்", "புராஜெக்ட் ஃபைனல்", "புராஜெக்ட் ஃபைனல் 2" என்று பென்டிரைவ் நிறைய ஃபோல்டர் வைத்திருக்கும் நண்பர்களே, அதுவும் ஒரு வகை வெர்ஷன் கன்ட்ரோல்தான். ஆனால் எதற்காக மாற்றினோம் என்று அதில் ஒரு வார்த்தையும் இருக்காது. கிட் இலவசம், சாதாரணக் கம்ப்யூட்டரில் ஓடும். இணையம் விட்டு விட்டு வரும் மலைக் கிராமத்திலும் வேலை செய்யும். தொடங்க நான்கைந்து கட்டளைகள் போதும்.

கமிட் செய்யும்போது அது ஒரு சின்னக் குறிப்பு கேட்கும். பலர் அங்கே "மாற்றம்" என்று மட்டும் எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். எந்த வரி மாறியது, எந்தத் தேதியில், எந்தப் பெயரில் என்பதெல்லாம் கருவி தானாகவே குறித்துக்கொள்ளும். ஏன் மாற்றினோம் என்பதை மட்டும் நாம்தான் எழுத வேண்டும். இரண்டு வருடம் கழித்து நம் நாற்காலியில் உட்காரப் போகும் யாரோ ஒருவர் முதலில் தேடுவது அந்த ஒரு வரியைத்தான்.